பழைய பத்திரிகையும் பழைய கட்டடமும்: திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊர் மலர் தயாரிப்பவர்கள், பள்ளி நூற்றாண்டு விழாக் குழுவினர், பூர்வீகம் தேடி வருகிறவர்கள், ஆய்வு மாணவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தாம். கேட்டவர்களின் வாய்மொழியை முடிந்தவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப்போக.

எங்கள் ஊர் வரலாற்றை எழுத வேண்டும். பழைய பேப்பரை எங்கிருந்து புரட்டத் தொடங்குவது?

பேப்பரிலிருந்து தொடங்காதீர்கள். ஆண்டு பொறித்த ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். பாலத்தின் கல், தேவாலயத்தின் அடிக்கல், சத்திரத்தின் நிலைவாசல், பள்ளிக்கூடத்தின் திறப்புவிழாப் பலகை, கல்லறை என எதுவாகவும் இருக்கலாம். கையில் ஓர் ஆண்டும் மாதமும் இருந்தால் பத்திரிகைத் தொகுதியில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியும். தேதி இல்லாமல் நூலகத்துக்குப் போனவர்கள் பொழுதுபோக்காக விளம்பரம் படித்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் வீண் அல்ல, ஆனால் ஊர் மலர் அச்சுக்குப் போகாது.

அதற்கும் முன்னால் மூன்று ஆங்கில நூல்களை ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்துவிடுவது நல்லது. 1879-இல் ஸ்டூவர்ட் தொகுத்த ஜில்லா கையேடு, 1881-இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு, 1917-இல் பேட் தொகுத்த கெசட்டியர் என்ற ஜில்லா விவரத் தொகுப்பு. மூன்றும் ஆள்பவர்கள் தரப்பிலோ மிஷன் தரப்பிலோ நின்று எழுதப்பட்டவை. ஊர்ப் பெயர், ஆண்டு, அணைக்கட்டு, சாலை போன்றவற்றுக்கு அவை உதவும். ஊர்க்காரர்களைப் பற்றி அவை சொல்லும் கருத்துகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருநெல்வேலி ஜில்லா என்றால் எந்தெந்த ஊர்கள்? எங்களுடையது இப்போது விருதுநகர் மாவட்டம்.

எல்லை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா உருவானபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை கேரளப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின.

ஆகவே 1899-இல் நடந்த சிவகாசிக் கலவரத்தைத் தேடுகிறவர் திருநெல்வேலி ஜில்லாச் செய்திகளில் தேட வேண்டும். விருதுநகர் மாவட்டம் என்ற பெயரே அப்போது கிடையாது. செங்கோட்டைக்காரர் ஒருவரைப் பற்றி 1911-இல் என்ன எழுதினார்கள் என்று பார்க்க விரும்பினால் திருவிதாங்கூர்ச் செய்திப் பத்தியையும் சேர்த்துப் புரட்ட வேண்டும். தேடும் ஊர் எந்த ஆண்டில் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று ஒரு தாளில் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

ஆங்கிலப் பத்திரிகையில் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒன்றுமே வருவதில்லையே?

இன்றைய எழுத்துக்கூட்டலில் தட்டியிருப்பீர்கள். அன்று அவர்கள் எழுதியது டின்னவெல்லி, டூட்டிகோரின், பாளம்கோட்டா. சிற்றூர்ப் பெயர்களுக்கு இன்னும் மோசம், நிருபரின் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கெசட்டியரில் உங்கள் ஊர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து அந்த வடிவத்தையும், அதில் ஓரிரு எழுத்தை மாற்றிய வடிவங்களையும் தட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் தாலுகாப் பெயரைப் போடுங்கள்.

அந்தக் காலத்தில் என்னென்ன பத்திரிகைகள் இருந்தன? திருநெல்வேலியிலேயே அச்சானவை உண்டா?

பெரும்பாலும் சென்னைப் பத்திரிகைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. தி ஹிந்து 1878-இல் வார இதழாகத் தொடங்கி 1889-இல் நாளிதழானது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். அது 1899-இல் தமிழ் நாளிதழாயிற்று. வெள்ளையர் தரப்புக்கு மெட்ராஸ் மெயில். சுதேசியச் சூட்டுக்கு 1906 முதல் பாரதியின் இந்தியா. பின்னாளில் 1917-இல் நீதிக்கட்சியின் திராவிடன், 1925-இல் பெரியாரின் குடி அரசு, 1934-இல் தினமணி, 1942-இல் தினத்தந்தி. தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957-இல் திருநெல்வேலிக்கு வந்தது. ஆகவே அதற்குப் பிந்தைய உள்ளூர்ச் செய்திகளுக்கு அதை விட்டுவிடக் கூடாது.

இவை தவிர மிஷன் இதழ்கள் உண்டு. நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, சாயர்புரம் பக்கத்து ஊர்களுக்கு நாளிதழ்களைவிட அவை பயன்படும். சாதிச் சங்கங்கள் நடத்திய இதழ்களும் இருந்தன. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த நாடார் குல மித்திரன் அப்படிப்பட்ட ஒன்று. திருமணம், மரணம், பள்ளிக்கு நன்கொடை, உறவின்முறைக் கூட்டம் ஆகியவற்றை இந்த இதழ்கள் மாதிரி வேறெவரும் பதிவு செய்யவில்லை. ஆய்வாளர்கள் இவற்றைத் தாழ்வாகப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை.

இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது? சென்னைக்குப் போகாமல் முடியாதா?

ஓரளவு முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பல இலவசமாகவே இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளம், ஆஸ்திரேலியாவின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் மூன்றும் இலவசம். தூத்துக்குடிக்கும் நியூசிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். தந்தியில் போன பெரிய செய்தி எதுவும் அங்கே நாலு வரியாவது அச்சாகியிருக்கும். பிரிட்டிஷ் பத்திரிகைக் காப்பகத்துக்குக் கட்டணம் உண்டு.

மீதிக்குச் சென்னைக்குப் போக வேண்டியதுதான். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த அச்சுச் செல்வத்தைக் கொண்டு 1994-இல் உருவானது அது. போவதற்கு முன் எந்த இதழ், எந்த ஆண்டு என்று எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆவணக் காப்பகத்தில் முன் அனுமதி தேவை. அடையாள அட்டையும், முடிந்தால் கல்லூரியிலிருந்தோ ஊர்க்குழுவிலிருந்தோ ஒரு கடிதமும் எடுத்துச் செல்லுங்கள்.

நான் தேடும் ஆண்டின் தமிழ் இதழே எங்கும் இல்லை என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை, ஒரு பின்வாசல் இருக்கிறது. சென்னை அரசாங்கம் தமிழ், தெலுங்கு முதலிய மொழிப் பத்திரிகைகளை வாராவாரம் படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி வைத்தது. சுதேசப் பத்திரிகை அறிக்கைகள் என்று அவற்றைச் சொல்வார்கள். மூல இதழ் செல்லரித்துப் போயிருந்தாலும் அதன் சாரம் இந்த அறிக்கையில் உயிரோடு இருக்கும். ஆவணக் காப்பகத்தில் இவற்றைப் பார்க்கலாம், சில ஆண்டுகளுக்குரியவை இணையத்திலும் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் உங்களுக்காகப் படிக்கவில்லை. அரசாங்கத்தைக் குறைசொன்ன வரிகளைத் தேடிப் படித்தார். தாசில்தார் லஞ்சம் வாங்கியது, போலீஸ் அடித்தது, வாய்க்கால் தூர்வாரப்படாதது எல்லாம் இருக்கும். தேரோட்டம் எப்படி நடந்தது என்பது இருக்காது.

எழுத்தே புரியவில்லை. இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டி அச்சடித்திருக்கிறார்களே?

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சில் சொற்களைச் சேர்த்தே போடுவார்கள், நிறுத்தக்குறிகளும் குறைவு. வாய்விட்டுப் படியுங்கள், காது பிரித்துக் கொடுத்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை எழுத்துகள் துதிக்கைக் கொம்போடும், ணா, றா, னா எழுத்துகள் சுழியோடும் இருக்கும். ஒரு பக்கம் படித்தால் பழகிவிடும்.

இந்தக் காரணங்களால்தான் கணினித் தேடலும் பழைய தமிழ் அச்சில் தடுமாறுகிறது. தேடுபெட்டியில் வரவில்லை என்பதால் இதழில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

தேதி இருக்க வேண்டிய இடத்தில் "விரோதிகிருது ௵ ஆனி ௴" என்று இருக்கிறது. இது எந்த ஆண்டு?

௵ ஆண்டுக்கும், ௴ மாதத்துக்கும், ௳ தேதிக்கும், ௹ ரூபாய்க்கும் உரிய குறிகள். அறுபது ஆண்டுச் சுற்றில் விரோதிகிருது 1851, 1911, 1971 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கும். எந்தச் சுற்று என்பதைச் சுற்றியுள்ள செய்திகளைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். ரயில் ஓடுகிறதா, ராணியா ராஜாவா என்பது போன்ற தடயங்கள் போதும்.

தென்பாண்டிப் பக்கத்துப் பத்திரங்களிலும் கோயில் கல்லிலும் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1086-இன் ஆனி என்றால் 1911.

அண்ணாச்சி, ஆஷ் கொலைச் செய்தியைப் படிக்க ஆசை. ஜூன் 17 தேதியிட்ட இதழில் தேடினேன், கிடைக்கவில்லையே?

கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் மணியாச்சியில் சுட்டது 1911 ஜூன் 17, சனிக்கிழமை காலை பத்தரை மணியைத் தாண்டி. மறுநாள் ஞாயிறு. 19-ஆம் தேதித் திங்கட்கிழமையிலிருந்து பாருங்கள். வார இதழ் என்றால் அடுத்த வாரம் முழுதும் பாருங்கள். பத்திரிகைகளில் சம்பவம் நடந்த நாளும் அச்சான நாளும் வேறு. கடிதத்தில் வந்த செய்தி ஒரு வாரம் பிந்தியும் வரலாம். செய்தியின் தலையில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரையும் தேதியையும் பாருங்கள்.

அந்த வாரத்து இதழ்களை முழுதாகப் படிப்பது இன்னும் நல்லது. ஜூன் 22 அன்று லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதமும் அந்த முடிசூட்டைத்தான் சுட்டுகிறது. ஒரே வாரத்தில் இரண்டு செய்திகளும் அருகருகே இருப்பதைக் கண்ணால் பார்த்தால், பாடப்புத்தகத்தில் தனித்து நிற்கும் அந்தக் கொலை அதன் காலத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. 1910-இன் அச்சுச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டுப் பத்திரிகைகளின் குரல்வளையைப் பிடித்திருந்த நேரம் அது. அப்போது வெளிவந்த கண்டனங்களைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணியாச்சிக்குப் போனால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

வாஞ்சி மணியாச்சி என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தண்டவாளங்கள் பிரியும் விதம் இருக்கிறது. மதுரையிலிருந்து வரும் ரயில் பாதை இங்கே தூத்துக்குடிக்கு ஒன்றும் திருநெல்வேலிக்கு ஒன்றுமாகப் பிரிகிறது. 1876-இல் தூத்துக்குடிப் பாதை திறக்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானலுக்குப் புறப்பட்ட ஆஷ், தூத்துக்குடியிலிருந்து வரும் மெயிலுக்காக இங்கே காத்திருந்தாக வேண்டும். கொலை ஏன் இந்த நிலையத்தில் நடந்தது என்ற கேள்விக்கு நடைமேடையில் நின்றாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிறகு மற்ற மூன்று இடங்களுக்கும் போங்கள். பாளையங்கோட்டையில் ஆஷின் கல்லறை, தூத்துக்குடியில் அவருக்காக எழுப்பிய எண்கோண மண்டபம், செங்கோட்டையில் வாஞ்சியின் நினைவிடம். ஒவ்வொன்றிலும் யாரைப் பற்றியது என்பதோடு நின்றுவிடாமல் யார் வைத்தது, எந்த ஆண்டில் வைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கல் நடப்பட்ட ஆண்டும் சம்பவத்தின் ஆண்டும் ஒன்றாக இருப்பது அரிது. அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதற்குத்தான் பத்திரிகை.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கட்டபொம்மன் கட்டியதுதானே? சுவர் நன்றாகத்தானே இருக்கிறது?

நன்றாக இருப்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை இடிந்த கோட்டையைத் திரும்பவும் எழுப்பினார். அதே ஆண்டு மே மாதம் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. அந்தச் சண்டைகளில் இறந்த வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்துச் சாட்சி என்று சொல்ல அவைதாம் அதிகம் தகுதியானவை. பஸ்ஸில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவற்றைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

இந்தச் சம்பவத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையைத் தேடிப் பயனில்லை, அப்போது அப்படி ஒன்று கிடையாது. சென்னையில் 1785 முதல் மெட்ராஸ் கூரியர் என்ற ஆங்கில இதழ் வந்துகொண்டிருந்தது. உண்மையான சுரங்கம் கும்பினியின் கடிதப் போக்குவரத்து, அது ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்குப் பிறகுதான் பத்திரிகை உங்களுக்கு முதல் துணை.

சுலோசன முதலியார் மனைவியின் நகையை விற்றுப் பாலம் கட்டினார் என்கிறார்களே, உண்மையா?

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் தாமிரபரணிப் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. சுலோசன முதலியார் கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், சிரஸ்தார் என்ற தலைமை அலுவலராக இருந்தவர். பாலத்துக்குக் கொடை தந்தவர் என்பதால்தான் அது அவர் பெயரைத் தாங்குகிறது. இவ்வளவும் உறுதி. நகைக் கதையைச் சொல்கிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துச் சொல்கிறார்கள்.

இதுபோன்ற கதைகளுக்கு ஒரே வழி பின்னோக்கிப் போவது. இப்போது அச்சில் இருக்கும் கட்டுரை எதைப் பார்த்து எழுதப்பட்டது, அது எதைப் பார்த்தது என்று படிப்படியாக இறங்குங்கள். அந்தக் கதை முதன்முதல் அச்சேறிய ஆண்டு கிடைத்துவிட்டால் அது 1843-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். ஊர் மலரில் "என்று சொல்லப்படுகிறது" என்று எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கல்வெட்டில் இருப்பதுபோல எழுதினால்தான் வம்பு.

ஒரே சம்பவத்தை இரண்டு பேப்பர் இரண்டு விதமாக எழுதுகின்றன. எதை நம்புவது?

எது யாருடைய பேப்பர் என்று முதலில் பாருங்கள். 1908 மார்ச் 13 நல்ல எடுத்துக்காட்டு. பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மார்ச் 12-இல் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் மூடப்பட்டன. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். மெட்ராஸ் மெயிலுக்கு இது காலிகளின் கலகம். சுதேசியப் பத்திரிகைகளுக்கு அதிகாரிகளின் அத்துமீறல். இரண்டிலும் ஒத்துப்போகும் விவரங்களை ஒரு பட்டியலாகவும் முரண்படுவனவற்றை இன்னொரு பட்டியலாகவும் எழுதுங்கள். இரண்டாம் பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது. யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

அந்த ஆண்டில் பத்திரிகைகள் வெறும் பார்வையாளர்களாகவும் இல்லை. சுதேசமித்திரனின் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். இந்தியா இதழின் சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் சிறைக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்குப் போனார். ஆகவே 1908-இன் பிற்பாதியில் தமிழ் இதழ்களின் குரல் தணிந்திருந்தால் அதற்குத் திருநெல்வேலி அமைதியாகிவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ஆஷ் என்பதையும் கவனியுங்கள். மூன்று ஆண்டு கழித்து மணியாச்சியில் நடந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

விளம்பரத்தையெல்லாம் படித்து நேரத்தை வீணாக்க வேண்டுமா?

படியுங்கள், செய்தியைவிட விளம்பரம் பொய் குறைவாகச் சொல்லும். கப்பல் புறப்படும் நாள், மில்லுக்கு ஆள் தேவை, கோர்ட்டு ஏலம், நாடகக் கம்பெனி வரவு என விளம்பரம் கொடுத்தவருக்குச் சரியான விவரம் தேவைப்பட்டது.

1906 அக்டோபரில் பதிவான, வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு கேட்டு வந்த அறிவிப்புகளும், காலியா, லாவோ கப்பல்கள் பற்றிய செய்திகளும், போட்டிக் கம்பெனியின் கட்டண அறிவிப்புகளும் அருகருகே கிடைத்தால் கட்டணப் போட்டியை நாள்வாரியாகத் தொடரலாம். வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த வாரத்தில், எத்தனை நாள் என்று விளம்பரத்தை வைத்துக் காட்டினால் அது வேறு தரத்து வேலை. கட்டணத்தைப் படிக்கும்போது 12 பைசா ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957 ஏப்ரல் வரை இருந்தது என்பது நினைவிருக்கட்டும். அந்தப் பைசாவைப் "பை" என்று எழுதுவார்கள்.

எங்கள் ஊர் ஒரு தெருவும் ஒரு குளமும் கொண்ட கிராமம். பேப்பரில் எங்கே வந்திருக்கப் போகிறது?

வந்திருக்கும். தலைப்புச் செய்தியில் தேடாதீர்கள். காலரா, தீ விபத்து, குளம் உடைப்பு, கோர்ட்டு ஏலம், கோயில் வழக்கு, புதிதாகத் திறந்த தபால் ஆபீஸ் ஆகியவற்றில் சிற்றூர்கள் எட்டிப் பார்க்கும். அரசிதழில் நில எடுப்பு அறிவிப்புகள் சர்வே எண்ணோடு வரும். தேவாலயம் உள்ள ஊரென்றால் மேலே சொன்ன மிஷன் இதழ்கள் உண்டு. கோயில் மணி, விளக்கு, தேர்ச் சக்கரம் ஆகியவற்றில் கொடையாளர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கிறதா என்று ஒரு நாள் டார்ச் விளக்கோடு பார்த்துவிடுங்கள்.

என் பூட்டனார் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர். அவர் பெயர் பேப்பரில் இருக்குமா?

பெயர் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதல் வகுப்பில் போன துரைகளின் பெயர்தான் அச்சாகும். மேல்தளத்தில் குவிந்து போனவர்கள் எண்ணிக்கையாக வருவார்கள், அதுவும் வந்தால். ஆனால் அவர் எந்தச் சூழலில் போனார் என்பதைத் தெரிந்துகொள்ள முடியும். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் தொழிலாளர் முகாம் இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் வழி வந்த பிறகு போக்குவரத்தின் பெரும்பகுதி அங்கே மாறியது. ஆகவே அவர் போன ஆண்டு தோராயமாகத் தெரிந்தால் வழியும் தெரிந்துவிடும்.

அந்தக் கரையின் பத்திரிகைகளையும் விட்டுவிடாதீர்கள். 1930-இல் தொடங்கிய வீரகேசரியில் தோட்டப் பகுதிச் செய்திகள் உண்டு. மலேயாவுக்குப் போனவர் என்றால் துறைமுகம் பெரும்பாலும் நாகப்பட்டினம், தேட வேண்டிய இடமும் வேறு.

பெரியவர்கள் சொல்வதும் பேப்பரில் இருப்பதும் ஒத்துவரவில்லை. பெரியவரைத் திருத்தலாமா?

திருத்த வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் ஆண்டுகள் குழம்பும், காட்சி பெரும்பாலும் குழம்பாது. தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு மூன்று வெள்ளங்களைச் சேர்த்து ஒன்றாகச் சொல்வார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தின் தேதியைப் பேப்பர் தரும். தண்ணீர் எந்த வீட்டுத் திண்ணை வரை வந்தது, யார் வீட்டு மாடியில் அடைக்கலம் புகுந்தார்கள் என்பதைப் பாட்டிதான் தருவார். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்பதால் ஒவ்வொரு வெள்ளத்தையும் பேச அது நல்ல அளவுகோல், "கோயிலில் எதுவரை முங்கியது?" என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதைப் பார்த்தவர்களின் பேச்சை இப்போதே பதிவு செய்துவைக்கலாம்.

எட்டயபுரம் பாரதி மணிமண்டபத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா? அது அவ்வளவு பழையதில்லையே?

கட்டாயம் சேர்க்கலாம். பத்திரிகையே கட்டிய கட்டடம் என்று சொல்லத்தக்கது அது. கல்கி தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்து வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற சூட்டோடு, அவரே திறந்துவைத்தார். பணம் அனுப்பியவர்கள் யார், எந்த ஊர்களிலிருந்து வந்தது என்பதை அந்த ஆண்டுகளின் இதழ்களில் தேடலாம். கட்டடத்தையும் காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட எளிய பாடம் இந்தச் சீமையில் இல்லை, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

கல்லறைக் கல்லில் எழுத்து தெரியவில்லை. சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்கலாமா?

கூடாது. மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் விழும்போது போனால் எழுத்து தானாக எழுந்து நிற்கும், அல்லது டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடியுங்கள். தேவாலயப் பொறுப்பாளரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேட்டுவிட்டு எடுங்கள்.

கிடைத்த பக்கங்களை ஊர் மலரில் அப்படியே அச்சிடலாமா?

இந்தியச் சட்டப்படி எழுதியவர் பெயரில்லாத செய்திகளுக்கு வெளியான ஆண்டைத் தொடர்ந்து 60 ஆண்டு காப்புரிமை. பெயருள்ள கட்டுரைக்கு அவர் இறந்த பிறகு 60 ஆண்டு. 1911 செய்தியில் சிக்கல் இல்லை. 1980-களின் புகைப்படத்துக்குக் கேட்டாக வேண்டும். நூலகம் கொடுத்த படிமம் என்றால் நூலகத்தின் விதியையும் பாருங்கள்.

1890-களில் நடந்த சாதிக் கலவரச் செய்தி கிடைத்திருக்கிறது. இரு தரப்பார் பேரன்மார்களும் இப்போது ஊரில் ஒன்றாக இருக்கிறார்கள். போடுவதா, விடுவதா?

இந்தச் சீமையின் வரலாற்றைக் கழுகுமலை 1895, சிவகாசி 1899 இல்லாமல் எழுத முடியாது. மறைப்பது தீர்வு அல்ல, மறைத்தால் வாய்வழி வந்த இன்னும் மோசமான கதைதான் மிஞ்சும். ஆனால் பத்திரிகைச் செய்தியை மட்டும் எடுத்துப் போடுவதையும் நான் ஏற்க மாட்டேன். மேலே இரு பேப்பர்களைப் பற்றிச் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். அன்றைய நிருபர் எந்தத் தரப்பினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார் என்பது நமக்குத் தெரியாது. வழக்குத் தீர்ப்பு, அரசாணை, இரு தரப்புச் சங்கங்களின் இதழ்கள் ஆகியவற்றையும் பார்த்தபின் எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களை ஊர் மலரில் அச்சிட வேண்டிய அவசியம் இல்லை, ஆய்வேட்டில் போதும்.

எல்லா இடத்திலும் தேடியாயிற்று, ஒரு வரி கூட இல்லை. அப்படியானால் அது நடக்கவே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. நிருபர் இல்லாத ஊர், தந்தி எட்டாத இடம், அச்சுச் சட்டத்தின் பயம், எழுதத் தகுந்ததாக ஆசிரியர் கருதாத மக்கள் ஆகிய நான்கில் ஒன்று காரணமாக இருக்கலாம். கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தலைவர்களின் பேச்சைத் தேடினால் பத்திரிகைகளில் எவ்வளவோ அகப்படும். பட்டினி கிடந்த தொழிலாளர் குடும்பங்களைத் தேடிப் போங்கள், கை வெறுமையாகத்தான் திரும்பும்.

அடுத்த கட்டம் அரசு ஆவணம். ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை, வருவாய்த்துறை அரசாணைகளுக்கு ஆண்டுவாரியாக அட்டவணை இருக்கிறது. சம்பவத்தின் ஆண்டையும் அதற்கடுத்த ஆண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மனு கொடுத்தவர்களுக்குப் பதில் வரப் பல மாதம் ஆன காலம் அது.